நார்மல் என்னும் கெட்ட வார்த்தை

ஊசி குத்துகிறவளை யாருக்கும் பிடிக்காது. குத்தி எடுத்த ரத்தத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்கிறவளை அதைவிடப் பிடிக்காது. இந்தத் தொழிலில் இருந்து நொந்தவர்கள் எங்கே இருந்தாலும் என் கட்சிதான். தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள் என்று தெரியும்.

எழுபதுகளில் ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். வீடு செகந்திராபாத்தில். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, முக்கால்வாசித் தூரம் நின்றுகொண்டே போய், இறங்கிய கையோடு ஊசியை எடுப்பேன். பெயர் ரெஜினா. ஆனால் லேப் ஜன்னலில் வந்து நின்றவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை, வீட்டில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் விட்டுவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டர் ராவுக்கு ஒரு பிடிவாதம். மாரடைப்பு என்று யார் வந்தாலும் ஈ.சி.ஜி.யோடு நிறுத்த மாட்டார். தினமும் சாதாரண ரத்தப் பரிசோதனை வேண்டும். வெள்ளை அணுக்கள் எவ்வளவு என்று எண்ண வேண்டும். மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பு அணுக்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும், அதுதான் ஈ.எஸ்.ஆர்.; உள்ளே புண் ஆறாத வரைக்கும் அதிகமாக இறங்கும். பிறகு எஸ்.ஜி.ஓ.டி. என்று ஒன்று. இதயத்தின் சதை செத்தால் அதற்குள்ளே இருக்கிற சரக்கு ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்று தெரிந்தால் எவ்வளவு சதை போயிற்று என்று ஒரு மாதிரி ஊகிக்கலாம். இன்றைக்கு இருக்கிற மெஷின்கள் எதுவும் அப்போது கிடையாது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டு, யாரை எத்தனை நாள் படுக்கவைப்பது, யாரைப் பற்றிக் கவலைப்படுவது என்று முடிவு செய்வார். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வார். யார் கேட்டார்கள்?

வெறும் வயிறு

நாற்பது தாண்டியவர்களுக்கு வருஷம் ஒரு தடவை கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் பார்ப்போம். ஃபாஸ்டிங்கில் வரவேண்டும் என்று சீட்டிலேயே போட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லா மதங்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரேன் ஓட்டுகிற காஜா சாஹிப் விடிவதற்கு முன்னால் ரொட்டியும் கீமாவும் சாப்பிட்டு முடித்துவிட்டு, அதற்கப்புறம் எச்சில்கூட விழுங்கவில்லை என்று சத்தியம் செய்வார். எங்கள் கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கிற ஒருவர், தவக்காலப் பழக்கத்தில் கறியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஆறு இட்லியோடு வருவார். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே.

மெஷின் ஷாப் ஃபோர்மேன் ராமநாதன் கும்பகோணத்துக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் ரத்தத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால், மேலே தெளியும் நீர் தெளியாமல் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. நெய் சேர்ந்த ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. கூப்பிட்டு விசாரித்தேன். ஏகாதசி, சுத்தப் பட்டினி என்றார். நானும் விடாமல் துருவினேன். காபியா, பாலா, பழமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. கடைசியில் என் அறியாமையைப் பார்த்து அவருக்கே பரிதாபம் வந்துவிட்டது.

"அரிசியைத் தொடவே இல்லையே சிஸ்டர். ரவா உப்புமாதான். விரதத்துக்குப் பலகாரம் உண்டுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

காஜா சாஹிப்பின் வேண்டுகோள்

காஜா சாஹிப்புக்கு ஏற்கனவே ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. எண்கள் அதிகம் ஏறவில்லை. லேசான அடிதான் என்று டாக்டர் ராவ் தைரியம் சொன்னார். படுக்கையில் கிடந்து எழுந்ததும் லைட் டூட்டி என்று கேட் பாஸ் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, பக்கத்தில் இரானி சாய். ஈ.எஸ்.ஆர். எண் முழுக்கக் குறைந்ததும் திரும்பக் கிரேனுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

மனுஷர் வேலைக்குச் சோம்பல் படுகிறவர் இல்லை. அந்தக் கிரேனின் இரும்பு ஏணியில் பாதி ஏறும்போதுதான் அவருக்கு முதல் வலி வந்தது. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. அதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். நான் ரிசல்ட்டை எழுதப் பேனாவைத் திறந்ததும், கம்பிக்குள் கையை நீட்டி என் பேனாவையே பிடித்துக்கொண்டார். எழுதினால் எழுதினதுதான், மாற்ற முடியாது, போய் டாக்டரிடம் பேசுங்கள் என்று கத்தினேன். அவர் கத்தவே இல்லை.

"நார்மல் நக்கோ அம்மா. தோடா ஊப்பர் லிக் தேவ்."

நார்மல் வேண்டாம், கொஞ்சம் மேலே ஏற்றி எழுது என்கிறார், ஏதோ தராசில் கத்தரிக்காய் போடச் சொல்வது மாதிரி. கடைசியில் நானே டாக்டர் ராவிடம் போய் ஏணி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கேட் பாஸ் ஆபீஸிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் காஜா சாஹிப், எண்ணை ஏற்றிப் போட்டது நான்தான் என்று ஃபாக்டரி முழுக்க என் புகழைப் பரப்பினார். அடுத்த வாரம் லைட் டூட்டி கேட்டு நாலு பேர் ஜன்னலில் நின்றார்கள்.

குலுக்கல்

யாதகிரி எங்கள் வார்டு அட்டெண்டர். நல்ல மனசு, எதையும் சொல்லாமலே செய்வார். சொல்லாமல் செய்வதுதான் வம்பு. கம்பெனி டவுன்ஷிப்பின் மறுகோடியில் இருந்த டிஸ்பென்சரியிலிருந்து எஸ்.ஜி.ஓ.டி.க்கான ரத்தக் குழாய்களைக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவருவது அவர் வேலை. அந்தக் குழாயை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவர வேண்டும். ரத்தம் உறைந்து, மேலே வெளிர் மஞ்சளாக நீர் பிரியும். அந்த நீரில்தான் பரிசோதனை. குலுங்கினால் சிவப்பு அணுக்கள் உடைந்து, உடைந்த அணுக்களின் சரக்கும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். சும்மா வாய்வுக்கு வந்தவனை டாக்டர் மாரடைப்பு என்று படுக்கையில் போட்டுவிடுவார்.

ஒரு மாசமாகக் குழாய்கள் எல்லாம் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தன. ரோட்டைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், குழாய் வாங்கின பர்ச்சேஸ்காரர்களைத் திட்டினேன். ஒரு நாள் நானே அந்த பஸ்ஸில் வர நேர்ந்தது. முன் சீட்டில் யாதகிரி ஒவ்வொரு குழாயாக எடுத்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, சிரத்தையாகக் குலுக்கிக்கொண்டிருந்தார். என்னய்யா செய்கிறாய் என்று பாய்ந்தேன். அடியில் தங்குவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்கவில்லையாம். ஈ.எஸ்.ஆர். குழாயில் ரத்தம் அதிகம் இறங்கினால் டாக்டர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறார். இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் நோயாளிக்கு நல்லது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். தெலுங்கில் எனக்கே பாடம் நடத்தினார்.

"மந்து சீசா மீத ‘ஷேக் வெல்’ அனி உண்டதி கதம்மா?"

மருந்து பாட்டிலில் நன்றாகக் குலுக்கவும் என்றுதான் போட்டிருக்கிறது.

ஜன்னலில் ஒரு சண்டை

இனி வருவதுதான் என்னை உண்மையிலேயே ஆட்டிவைத்தது. ராமநாதன் உப்புமா சாப்பிடாமல் மறுபடி வந்து ரத்தம் கொடுத்தார். கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட இருந்தாலும் எல்லைக்குள்தான். சர்க்கரை, ஈ.எஸ்.ஆர்., எல்லாமே சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நார்மல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனுஷர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் கிடைத்தவர் போலப் போனார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னலில் மறுபடியும் அவர். சட்டை முழுக்க வேர்வை, முகம் சாம்பல் நிறம், இடது கையை மார்போடு சேர்த்து வைத்திருக்கிறார். ஷாப்பில் வலி வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் காஷுவாலிட்டிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இவரோ நேரே லேபுக்கு வந்து, அந்தக் காகிதத்தைப் பிரித்து ஜன்னல் பலகையில் அறைந்தார். அன்றைக்கு அவர் ஷாப்பில் ஒரு புது மெஷினை ஓட்டிப் பார்க்க இருந்தார்கள். டெல்லியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வலிப்பதற்கு அவருக்கு நேரமில்லை.

உட்காருங்க சார் என்று நான் கத்துகிறேன், அவர் உட்காராமல் என்னை விசாரணை செய்கிறார். யாதகிரி, நாற்காலி கொண்டா என்று கத்தினேன். யாதகிரி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பிடித்து அமுக்கி உட்கார வைக்கும்போதும் அவர் வாய் ஓயவில்லை.

"நேத்திக்குத்தானே நார்மல்னு எழுதிக் குடுத்தேள்? அப்புறம் இன்னிக்கு எப்படி வலிக்கும்?"

வந்தபோது சரியாகத்தான் இருந்தது

ஈ.சி.ஜி.யில் ஏதோ மாற்றம் இருந்தது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும்படி இல்லை. முதல் ரத்தம் எடுத்தேன். வெள்ளை அணுக்கள் சரி, எஸ்.ஜி.ஓ.டி. சரி. வலியும் ஊசிக்கு அடங்கிவிட்டது. டாக்டர் ராவ் மட்டும் நம்பவில்லை. இப்போது ஒன்றும் தெரியாது, சாயந்திரம் மறுபடி பார்க்கலாம், அதுவரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்.

இதற்குள் டவுன்ஷிப்பிலிருந்து ராமநாதனின் மனைவி விசாலம் மாமி வந்துவிட்டார். ஒல்லியாக, சின்னக் குரலில் பேசுகிறவர். ஆனால் பேசினால் பேசினதுதான். ரத்தம் சரியாக இருக்கிறது என்று காதில் விழுந்ததுமே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆரம்பித்தார். வாய்வுதான், ஓமத் தண்ணீர் கொடுத்தால் போய்விடும் என்றார். படுக்கையில் இருந்தவரும் காலைக் கீழே தொங்கப்போட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு டெல்லிக்காரர்கள் மனசில். டாக்டர் அதட்டி, கெஞ்சி, சாயந்திரம் வரைக்கும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்.

சாயந்திரம் எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எகிறியிருந்தன. எஸ்.ஜி.ஓ.டி.யும் கிளம்பிவிட்டது. சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் ஒரு தடவை செய்து பார்த்தேன், அதே எண். டாக்டர் பார்த்துவிட்டு, இது லேசானது இல்லை, இன்னும் ஏறும், எங்கே நிற்கும் என்றுதான் தெரியவில்லை என்று சொன்னார். இந்த மனுஷர் இப்போது எழுந்து நாலு எட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. மாமியிடமும் சொல்லப்பட்டது. மாமி இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கி, காலை, மாலை என்று சரிபார்த்து, பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

"வந்தப்போ எல்லாம் நார்மல். இங்கே கொண்டு படுக்க வெச்சதுக்கு அப்புறம்தான் ஏறியிருக்கு. நான் இவரை இனிமே ஒரு நிமிஷம் இங்கே வெச்சுக்க மாட்டேன்."

தந்தி

சொல்லுங்கள், கணக்கு தப்பா? காகிதத்தில் பார்த்தால் மாமி சொல்வது அச்சுப் பிசகாத உண்மை. டாக்டர் ராவ் தெலுங்கு கலந்த இங்கிலீஷில் விளக்க விளக்க மாமி பெட்டியின் கொக்கியை மாட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார், நீ உன் பாஷையில் சொல் என்கிற மாதிரி. எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாஷையே வரவில்லை. இந்த நார்மல் என்ற வார்த்தையை எவன் கண்டுபிடித்தான் என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்த என் கையையே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமி, ரத்தத்துக்குச் சேதி தாமதமாகத்தான் போகும் என்று ஆரம்பித்தேன். அடி விழுந்தது காலையில், கசிந்து கசிந்து ரத்தத்தில் வந்து சேர இத்தனை நேரம் ஆகும், இப்போது ஏறியிருப்பது இப்போது நடந்ததைக் காட்டவில்லை, காலையில் நடந்ததைக் காட்டுகிறது என்றேன். என் குரல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். மாமியின் கை கொக்கியில் நின்றது. தந்தி மாதிரியா என்று கேட்டார். ஆமாம் மாமி, தந்தி மாதிரித்தான் என்றேன்.

மாமியின் அப்பா கும்பகோணத்தில் இறந்த செய்தி இங்கே தந்தியில் மறுநாள்தான் வந்ததாம். அப்பா போய்விட்ட அந்தச் சாயங்காலம் இவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நவராத்திரிக் கொலுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாராம். அதை யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மறுபடியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த புருஷனின் காலை எடுத்து மேலே போட்டு, போர்வையை இழுத்துவிட்டார். ராமநாதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மாமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அப்போ காலம்பற உங்க ஜன்னல்ல நின்னுண்டு சண்டை போட்டாரே, அப்பவே ஆயிடுத்தா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஃபோர்மேன் ரத்தம்

மறுநாளும் எண் ஏறியது. அதற்கு மறுநாள் காலையில் நான் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மாதாவிடம் ஜெபமாலை சொல்லாத குறைதான். ஏறினது நின்று, இறங்க ஆரம்பித்திருந்தது. வார்டுக்கு நானே ஓடிப் போய்ச் சொன்னேன். டாக்டர் ராவ், அடி பலமானதுதான், ஆனால் கசிவு நின்றுவிட்டது, இனி ஓய்வுதான் மருந்து என்றார். மாமி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அடுத்த வாரம் காஜா சாஹிப் ஆப்பிள் பழங்களோடு பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? தன் பழைய எஸ்.ஜி.ஓ.டி. எண்ணை மனப்பாடமாகச் சொல்லி, சாருக்கு எவ்வளவு என்று விசாரித்தார். இரண்டையும் ஒப்பிட்டால் ராமநாதனுடையது இரண்டு மடங்கு. அதாவது இரண்டு மடங்கு சதை போயிருக்கிறது, பயப்பட வேண்டிய விஷயம். காஜா சாஹிப்பின் முகம் வாடிப்போய், அல்லா என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ராமநாதன் தலையணையில் சாய்ந்தபடியே, முதல் முறையாகத் திருப்தியோடு சிரித்தார்.

"ஆபரேட்டரைவிட ஃபோர்மேனுக்குக் கூடத்தான் இருக்கும், காஜா."

மாமி கேட்ட வார்த்தை

ராமநாதன் பிழைத்தார். வீட்டுக்குப் போய், ப்ளானிங் ஆபீஸில் லைட் டூட்டியில் சேர்ந்து, அங்கேயும் நாலு பேரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். ஈ.எஸ்.ஆர். எண் மாசா மாசம் குறைந்து, ஒரு நாள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கம்போல எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை வாங்கிய அன்றைக்கே மனுஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுநாள் காஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக் கத்தி, பிடுங்கி வைத்திருக்கிறார்கள். டாக்டர் ராவ் கூப்பிட்டுத் திட்டினார். தழும்பு விழுந்த இதயம் தழும்போடுதான் இருக்கும், ரத்தம் சரியாகிவிட்டது என்றால் புண் ஆறிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம் என்று சொன்னார். ராமநாதன் பதிலுக்குச் சட்டைப் பையிலிருந்து என் கையெழுத்தை எடுத்துக் காட்டினாராம்.

அடுத்த மாசம் மாமி மட்டும் தனியாக வந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு ராமநாதன் ஆபீஸுக்குப் போயிருந்தார். ரிப்போர்ட் வாங்க இவர். ஜன்னலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். ஏற்றி எழுதச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். காஜா சாஹிப் பரப்பிய புகழ் அங்கேயும் எட்டியிருக்கும் என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன். மாமிக்குப் பொய் வேண்டாமாம். ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதச் சொன்னார். ஆனால் நார்மல் என்ற அந்த வார்த்தையை மட்டும் அவர் தனியாகப் படிக்கும்படி விட்டுவிட வேண்டாம் என்றார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து இதைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன், ஆனால் நான் சொன்னால் கேட்க மாட்டார், உங்கள் எழுத்து சொன்னால் கேட்பார் என்றார். சொல்லும்போது அந்தச் சின்னக் குரல் உடைந்துவிட்டது.

"நார்மல்னே போடுங்கோ. அதுக்கு முன்னாடி ‘இப்போதைக்கு’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்கோ, போறும்."

அந்த வார்த்தையோடு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும்படி ஸ்டோர்ஸுக்கு எழுதிக் கேட்டேன், ஒன்று நார்மல், இல்லாவிட்டால் நார்மல் இல்லை, நடுவில் எதற்கும் கம்பெனியில் வழி கிடையாது என்று பதில் வந்தது, ஆகவே நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும், வந்தவர்கள் எல்லோருக்கும், கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.